தமக்கென ஒரு திருப்பள்ளியெழுச்சி

இரவின் கடைக்கூற்றுக்கு வைகறை என்று பெயர். தொல்காப்பியர் சிறுபொழுதுகளை வகுத்தபோது அதனைத் தனிப்பொழுதாகவே எண்ணினார். இருள் முற்றும் விலகாமலும் ஒளி முற்றும் பரவாமலும் இருக்கும் அவ்வேளையில் நீராடி, விளக்கேற்றி, இறைவன் திருமுன் நின்று பாடுவது தமிழர் இல்லங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒழுக்கம். பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டுத் தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் வந்த குடும்பங்கள், குத்துவிளக்கையும் ஆட்டுக்கல்லையும் கொண்டுவந்தது போலவே இவ்வொழுக்கத்தையும் உடன் கொண்டுவந்தன. மார்கழி பிறந்தால் நம் காலனிகளில் திருப்பாவையும் திருவெம்பாவையும் ஒலிக்கின்றன. இது நாம் பெருமைகொள்ளத் தக்க செய்தியே.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இன்று நாம் எல்லோர்க்கும் பொதுவாகப் பாடுகின்ற வைகறைப் பாடல்கள் யாவும், முதன்முதலில் ஒருவர் தம் இறைவனுக்காக, தம் அன்றாடத் தொண்டினிடையே, தம் நெஞ்சிலிருந்து பாடியவை. அவை தனிமனிதரின் பாட்டாகப் பிறந்து, பின்னரே ஊரின் பாட்டாயின. ஊரின் பாட்டாகி, பின்னரே இனத்தின் செல்வமாயின. ஆகவே, முன்னோர் பாடியதை ஓதுவது இம்மரபின் ஒரு பாதி. தமக்கென ஒரு பாட்டைப் பாடிக்கொள்வது அதன் மறுபாதி. முதற்பாதியை நாம் ஓரளவு காத்துவருகிறோம். மறுபாதியை மறந்துவிட்டோமோ என்ற ஐயம் எழுகிறது. ஆதலின், அம்மறுபாதியின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

மன்னன் வாயிலும் ஆண்டவன் வாயிலும்

துயில்பவரைப் பாட்டால் எழுப்பும் வழக்கம் முதலில் அரசர்க்கு உரியதாய் இருந்தது. புகழை நாடித் துயில்கொள்ளும் மன்னரைச் சூதர் எனப்படும் பாடகர் நின்று ஏத்தித் துயிலெழுப்புவதைத் தொல்காப்பியம் துயிலெடை நிலை என்று குறிக்கிறது. பாடாண்திணையின் துறைகளுள் ஒன்றாக அதனை வைக்கிறது. பகைவரை வென்ற களிப்பில் உறங்கும் வேந்தனைக் குடிகளைக் காக்கும் கடமைக்கு எழுப்புவது அப்பாட்டின் பயன்.

காலம் சென்றது. அரசன் இல்லத்தைக் குறித்த கோயில் என்னும் சொல் ஆண்டவன் இல்லத்துக்கும் உரியதாயிற்று. அரசனுக்குரிய முரசும் குடையும் கவரியும் ஆண்டவனுக்கும் உரியனவாயின. அவற்றோடு துயிலெடை நிலையும் கோயிலுக்குள் புகுந்தது. சைவத் திருக்கோயில்களில் விடியற்காலப் பூசைக்குத் திருவனந்தல் என்ற அழகிய பெயர் இன்றும் வழங்குகிறது. திருவரங்கத்தில் விடியற்காலத்து நிகழும் விசுவரூப தரிசனத்தில் பசுவும் யானையும் பெருமானுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தப்பெறும். உறக்கம் அறியாத ஒருவனை உறங்குவதாகக் கருதி எழுப்புவது பேதைமை அன்றோ என்று கேட்பார் உளர். குழந்தையைக் கொஞ்சும் தாய், அதற்கு விளங்குமா என்று பார்த்தா பேசுகிறாள்? அன்பு தனக்கென ஓர் உறவை அமைத்துக்கொள்ளும். அவ்வுறவின் மொழியில் பேசும். திருப்பள்ளியெழுச்சி என்னும் சிற்றிலக்கியம் அவ்வன்பின் மொழி.

பூக்குடலையோடு நின்ற பாட்டு

வைணவத்தில் இவ்வகைப் பாடலை நமக்கு அருளியவர் தொண்டரடிப்பொடியாழ்வார். சோழநாட்டுத் திருமண்டங்குடியில் தோன்றிய இவருடைய இயற்பெயர் விப்பிரநாராயணர். திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்து, நாள்தோறும் துளசியும் மலரும் கொய்து மாலை கட்டிப் பெருமானுக்குச் சாத்துவதே இவர் மேற்கொண்ட பணி. இவர் பாடியவை இரண்டே நூல்கள்: 45 பாசுரங்கள் கொண்ட திருமாலை ஒன்று, 10 பாசுரங்கள் கொண்ட திருப்பள்ளியெழுச்சி மற்றொன்று.

அப்பத்துப் பாசுரங்களையும் நிதானமாகப் படிப்பவர், பாடியவர் எங்கே நின்று பாடினார் என்பதைக் கண்ணாரக் காண்பர். கிழக்கே கதிரவன் தோன்றுகிறான். மலர்கள் இதழ் விரிகின்றன. ஆயர் எருமைகளைக் கட்டவிழ்த்து விடுகின்றனர். அவர்தம் குழலோசையும் மாடுகளின் மணியோசையும் காற்றில் கலந்து வருகின்றன. ஆற்றில் நீராடிய மகளிர் கூந்தலைப் பிழிந்து உதறி, ஆடை உடுத்துக் கரையேறுகின்றனர். தேவரும் முனிவரும் வாயிலில் நெருங்கி நிற்கின்றனர். இவ்வளவு பெரிய கூட்டத்தைக் காட்டியபின், இறுதிப் பாசுரத்திலே ஆழ்வார் தம்மைக் காட்டுகிறார். தொடுத்த துளசி மாலையும் தோளில் கூடையுமாக, அடியார்க்கு ஆட்பட்ட ஒரு தொண்டராகத் தம்மை இறைவன் திருமுன் நிறுத்திக்கொள்கிறார்.

இப்பாடலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கரையேறிய பெண்கள் காவிரிக் கரையில் அவர் நாள்தோறும் கண்ட பெண்கள். எருமையை அவிழ்த்தவர்கள் அவர் பூக்கொய்யச் செல்லும் வழியில் எதிர்ப்பட்டவர்கள். கூடை அவருடைய கூடை. தேவர்கள் நிற்கும் வாயிலில், விடிகாலை வேலைகளும் இடம்பெற்றன. வேலை செய்பவரும் இடம்பெற்றார். புலமை காட்டுவதற்கென்று ஓரிடத்தில் அமர்ந்து புனைந்த பாட்டாக இது நமக்குத் தோன்றுவதில்லை. பூத்தொண்டு செய்தவர் தம் தொண்டின் நேரத்தையே பாட்டாக்கித் தந்தார் என்றே தோன்றுகிறது.

என்னையும் என்ற சொல்

சைவத்தில் மாணிக்கவாசகர் பாடிய திருப்பள்ளியெழுச்சி, திருவாசகத்தின் 51 பகுதிகளுள் 20-ஆவதாக வைக்கப்பெற்றுள்ளது. அதுவும் 10 பாடல்களால் ஆயது. திருப்பெருந்துறை இறைவனை நோக்கியது. திருவாதவூரில் பிறந்து, பாண்டியனுக்கு அமைச்சராய் இருந்து, குதிரை வாங்கச் சென்ற இடத்தில் குருவைக் கண்டு ஆட்பட்டவர் அவர் என்பது வரலாறு. அமைச்சராய் இருந்தவர் அரசன் வாயிலின் விடியலை நன்கு அறிந்தவராய் இருந்திருப்பார். ஆண்டவன் வாயிலின் விடியலை அவர் பாடும்போது அக்காட்சி எவ்வளவு மாறிவிடுகிறது!

ஒரு பாடலில் வீணையும் யாழும் இசைப்போர் ஒரு பக்கம், வேதமும் தோத்திரமும் ஓதுவோர் ஒரு பக்கம், தொடுத்த மலரைக் கையில் ஏந்தியோர் ஒரு பக்கம், தொழுவோரும் அழுவோரும் துவள்வோரும் ஒரு பக்கம், தலைமேல் கைகுவித்தோர் ஒரு பக்கம் என்று அணியணியாக அடியார்களை நிறுத்துகிறார். பின்னர், அவர்களோடு தம்மையும் சேர்த்து, என்னையும் ஆட்கொள்ள வேண்டும் என்று வேண்டுகிறார். ‘என்னையும்’ என்பதிலுள்ள அந்த உம்மை சிறியது; ஆனால் பாட்டின் பாரம் முழுவதையும் அது தாங்குகிறது. எத்தனை பேர் பாடினாலும் நான் பாடாத குறை குறைதானே? கூட்டத்தின் குரலில் என் குரல் கரைந்துவிட்டால், நான் வந்தேன் என்பதற்கு அடையாளம் ஏது? இறுதிப் பாடலில், திருமாலும் நான்முகனும் மண்ணுலகில் சென்று பிறவாமல் வீணே நாள் போக்குகிறோமே என்று ஏங்குவதாகச் சொல்லி, இந்த மண்ணையே ஆண்டவன் அருள்செய்யும் இடமாக உயர்த்துகிறார்.

தனிப்பாட்டு பொதுச்செல்வம் ஆனது

இவ்வாறு தனி நெஞ்சங்களில் பிறந்த பாடல்கள் அழியாமல் நமக்குக் கிடைத்தமைக்குக் காரணம், அவற்றைத் தொகுத்தவர்களும் ஓதியவர்களும் ஆவர். நாதமுனிகள் ஆழ்வார்களின் அருளிச்செயல்களைத் தொகுத்து இசையோடு வழங்கினார். நம்பியாண்டார் நம்பி திருமுறைகளை வகுத்தார். 985 முதல் 1014 வரை அரசாண்ட முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்வதற்கு 48 பாடகர்களையும், அவர்க்குத் துணையாக உடுக்கையும் கொட்டிமத்தளமும் முழக்க இருவரையும் அமர்த்தி, நாள்தோறும் நெல் அளித்தான் என்று அக்கோயிற் கல்வெட்டே பேசுகிறது. ஓதுவார்க்கு உணவு இருந்தமையால் பாட்டுக்கு ஆயுள் இருந்தது.

பொதுவானபின்னும் புதியன பிறப்பது நின்றுவிடவில்லை. 15-ஆம் நூற்றாண்டில் மணவாள மாமுனிகளின் மாணாக்கராகிய பிரதிவாதி பயங்கரம் அண்ணன், திருவேங்கடமுடையானுக்கு வடமொழியில் சுப்ரபாதம் பாடினார். விசுவாமித்திரர் இராமனைத் துயிலெழுப்பும் வான்மீகியின் சுலோகத்தைத் தலைப்பில் வைத்துக்கொண்டு, அதன் தொடர்ச்சியாகத் தம்முடையதைப் பாடிய அவர் முறை நாம் கருதத் தக்கது. பழையதன் தோளில் கைவைத்து நின்றே புதியது பேசத் தொடங்கியது. திருமலையில் ஆண்டு முழுவதும் ஒலிக்கும் அந்தச் சுப்ரபாதம், மார்கழி மாதத்தில் ஆண்டாளின் 30 பாசுரங்களாகிய திருப்பாவைக்கு இடம்விட்டு ஒதுங்கி நிற்கும். புதியதும் பழையதும் இவ்வாறு ஒன்றுக்கொன்று வழிவிட்டு வாழ்வது நம் மரபின் பெருந்தன்மை.

அயலூரில் நின்று பாடியவர்கள்

பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு மிக அண்மையர் ஒருவர் உண்டு. அவர் 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த குமரகுருபர அடிகள். பொருநையாற்றங்கரைத் திருவைகுண்டத்தில் பிறந்தவர் காசி மாநகரம் சென்று தங்கினார். அந்நாட்டை ஆண்டோரிடம் பேசித் தம் பணிக்கு இடம் பெறுதற்கு அவர்கள் மொழியாகிய இந்துத்தானி அவருக்குத் தெரியவில்லை. அம்மொழி கைவர வேண்டிக் கலைமகளை நோக்கி அவர் பாடியதே சகலகலாவல்லிமாலை என்பது வழிவழி வரும் செய்தி. காசியில் அவர் நிறுவிய மடம் அவர் பணிக்குச் சான்றாயிற்று.

இச்செய்தியின் நயத்தைக் காலனிவாசிகளாகிய நாம் நன்கு உணர்வோம். அயல்மொழியைக் கற்கும் தேவை வந்தது. அத்தேவையைத் தாய்மொழியில் ஆண்டவளிடம் சொன்னார். வாழும் ஊரின் மொழியை அவர் வெறுக்கவில்லை. அதன் பொருட்டுத் தம் மொழியைக் கைவிடவும் இல்லை. சரசுவதி பூசையன்று நம் குழந்தைகள் புத்தகங்களை அடுக்கிவைத்துப் பாடுகின்ற அப்பத்துப் பாடல்கள், வடநாட்டில் குடியேறிய ஒரு தமிழரின் சொந்த விண்ணப்பமாகவே பிறந்தவை என்பதை நாம் நினைத்துப் பார்க்கிறோமா?

இதற்கு மறுதலையாக ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. தமிழ்நாட்டில் குடியேறி வாழ்ந்த தெலுங்குக் குடும்பத்தில், 1767-இல் திருவாரூரில் பிறந்தவர் தியாகராசர். திருவையாற்றில் வாழ்ந்து 1847-இல் அங்கேயே மறைந்தார். சுற்றிலும் தமிழ் ஒலிக்க, தம் இல்லத்துப் பூசையில் இராமபிரானைத் தெலுங்கில் அழைத்தார். துயிலெழுப்புவது முதல் திருத்தாலாட்டு வரை வீட்டுப் பூசையின் ஒவ்வோர் உபசாரத்துக்கும் அவர் பாடிய உற்சவ சம்பிரதாயக் கீர்த்தனைகள் இன்று பஜனை மடங்களின் உடைமை. அவற்றுள் துயிலெழுப்பும் கீர்த்தனை விடியலுக்குரிய பௌளி இராகத்தில் அமைந்தது. தலைமுறைகள் கடந்தும் ஒரு குடியேறிய குடும்பம் தன் மொழியைப் பூசையறையிலே உயிரோடு வைத்திருந்தமையால், அம்மொழிக்கும் புகழ் வந்தது. அது குடியிருந்த மண்ணுக்கும் புகழ் வந்தது.

தஞ்சையிலே இன்னொருவர் வாழ்ந்தார். திருநெல்வேலிச் சீமையில் 1774-இல் பிறந்த வேதநாயக சாஸ்திரியார், சுவார்ச்சு ஐயரிடம் பயின்று, சரபோசி மன்னரின் நட்புக்கு உரியவராய் விளங்கினார். தம் கிறித்தவ வழிபாட்டுக்குத் தமிழ்ப் பண்ணிலும் தாளத்திலும் பாடல்கள் செய்தார். தமிழ்க் கிறித்தவக் குடும்பங்கள் தம் செபவேளைகளில் அவர் கீர்த்தனைகளை இன்றும் பாடுகின்றன. சமயம் எதுவாயினும் தமிழன் ஆண்டவனிடம் தன் சொல்லைக்கொண்டே பேச விரும்பினான் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

தடாகத்துத் தாமரை நெஞ்சில் பூத்தது

19-ஆம் நூற்றாண்டில் திருப்பள்ளியெழுச்சி ஒரு பெரிய திருப்பத்தை அடைந்தது. 1823-இல் மருதூரில் பிறந்து, 1867-இல் வடலூரில் பசித்தவர்க்கு உணவிடும் சத்திய தருமச்சாலையை நிறுவிய இராமலிங்க அடிகள், அருட்பெருஞ்சோதியை நோக்கித் திருப்பள்ளியெழுச்சி பாடினார். அது திருவருட்பாவின் ஆறாம் திருமுறையில் உள்ளது. ஆழ்வாரின் விடியலில் தாமரை நீரிலே மலர்ந்தது. அடிகளின் விடியலிலோ அது அவர் உள்ளத்திலே மலர்கிறது. வானத்தில் எழும் கதிரவனைப் பாடிவந்த மரபு, உள்ளத்தில் எழும் ஒளியைப் பாடலாயிற்று. உருவம் பழையது, அதற்குள் உறையும் உணர்வு புதியது.

அடுத்து வந்தவர் பாரதியார். 1882-இல் எட்டயபுரத்தில் பிறந்த அவர், இளமையில் சில ஆண்டுகள் காசியில் அத்தையின் இல்லத்தில் தங்கிப் பயின்றவர். வடநாட்டு வாழ்வையும் வடநாட்டு மொழியையும் நேரில் அறிந்தவர். அவர் பாடிய பாரத மாதா திருப்பள்ளியெழுச்சி ஐந்தே பாடல்கள். மன்னனும் ஆண்டவனும் துயின்ற இடத்தில் இப்போது தாய் துயில்கிறாள். குழந்தைகளைத் தாய் எழுப்புவது உலக இயல்பு; இங்கோ குழந்தைகள் நின்று தாயை எழுப்புகின்றனர். அவளுடைய 18 மொழிகளிலும் அவளைப் பாடுவதாகக் குழந்தைகள் சொல்கின்றனர். பல மொழி பேசும் மக்களிடையே வாழ்கின்ற நமக்கு இதைவிட உவப்பான சொல் வேறு உண்டோ? விடுதலைப் போராட்டத்தின்போது, 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வடநாட்டு நகரங்களில் வைகறையில் பாடிக்கொண்டே வீதிவலம் வந்த பிரபாத பேரிகளை முதியோர் சொல்லக் கேட்டிருப்போம். நாட்டைத் துயிலெழுப்பும் அவ்வுணர்ச்சிக்குத் தமிழில் பழைய திருப்பள்ளியெழுச்சி வடிவம் ஆயத்தமாய் இருந்தது.

20-ஆம் நூற்றாண்டிலேயே, நம்மிற் சிலர் நேரில் கண்டு கேட்டிருக்கக் கூடியவர் பாபநாசம் சிவன். 1890-இல் தஞ்சை மாவட்டத்துப் போலகத்தில் பிறந்த இராமையா, தந்தையை இழந்தபின் சிறுவராகவே திருவனந்தபுரம் சென்றார். இளமையின் பெரும்பகுதியை மலையாள நாட்டில் கழித்தார்; வடமொழிக் கல்லூரியில் இலக்கணம் பயின்றார். நீலகண்ட சிவனின் பாடல்களும் பஜனைகளும் அவர் உள்ளத்தில் ஊறின. பின்னாளில் மயிலாப்பூரில் குடியேறி, பல பத்தாண்டுகள் மார்கழி வைகறையில் கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளில் பஜனை செய்துவந்தார். அரங்கத்தில் கைதட்டல் பெற்ற அவருடைய கீர்த்தனைகள் பலவும் கபாலியையும் கற்பகத்தையும் தம் சொந்த உறவினராகக் கருதிப் பேசிய பேச்சுகளே. 1973-இல் அவர் மறைந்தபின்னும் அம்மாடவீதி பஜனை மறையவில்லை.

கேட்கும் காதும் பாடும் வாயும்

1963-இல் திருமதி எம். எஸ். சுப்புலட்சுமி பாடிய வேங்கடேச சுப்ரபாதம் இசைத்தட்டாக வெளிவந்தது. அதன்பின் தென்னாட்டு இல்லங்களின் விடியலே மாறிற்று எனலாம். முதலில் இசைத்தட்டு, பின்னர் ஒலிநாடா, இந்நாளில் கைப்பேசி என்று கருவிகள் மாறினாலும், அக்குரல் நம் அடுக்களைகளையும் கூடங்களையும் நாள்தோறும் தூய்மை செய்கிறது. கோயில் அருகில் இல்லாத அயலூரில் வாழ்வோர்க்கு அஃது எத்துணைப் பெரிய ஆறுதல்! அதனைக் குறைகூற யாருக்கு நா எழும்?

ஆனால், கருவி பாடத் தொடங்கியதும் நாம் பாடுவது குறைந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. முன்பு பாட்டி பாடினாள். சுருதி சற்றுப் பிசகினாலும் அவள் பாடினாள். பேத்தி அதைக் கேட்டு முணுமுணுத்தாள். இப்போது கருவி பாடுகிறது, பாட்டி கேட்கிறாள், பேத்தி பள்ளிப் பேருந்துக்கு விரைகிறாள். ஆண்டுவிழா மேடையில் திருப்பாவை ஒப்பிக்கும் குழந்தைக்கு நாம் பரிசு வழங்குகிறோம். அக்குழந்தை அப்பாசுரங்களை நாகரி எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ எழுதிவைத்து மனப்பாடம் செய்ததும் நமக்குத் தெரியும். அதற்காகக் குழந்தையை நோவதில் பயனில்லை. மனப்பாடமும் ஒரு காப்புத்தான். எனினும், பொருள் புரியாத ஒன்றை அக்குழந்தை எத்தனை ஆண்டு சுமக்கும்? தன் மகளுக்கு அது எதைக் கொடுக்கும்? மூன்றாம் தலைமுறையில் தமிழ் நம் வீடுகளில் தங்குமா என்ற கேள்வி, பெரும்பாலும் இப்பூசையறையிலேதான் விடை பெறப்போகிறது.

நம் அண்டை வீட்டாரைப் பாருங்கள். மராட்டியர்க்கு விடியலில் பாடும் பூபாளிகள் உண்டு. பண்டரிபுரத்தில் விட்டலனுக்கு வைகறையில் காகட ஆரத்தி உண்டு. சீக்கியர் அந்நேரத்தை அமுத வேளை என்று போற்றுவர். குருத்துவாரங்களில் அப்போது ஆசா தீ வார் பாடப்பெறும். அவர்கள் குழந்தைகள் அவற்றைத் தம் வீட்டுப் பேச்சோடு தொடர்புடைய மொழியில் கேட்கின்றனர். நம் குழந்தைகளுக்கும் அப்பேறு கிட்ட வேண்டுமாயின், பழம்பாடலுக்கும் வீட்டுப் பேச்சுக்கும் இடையே ஒரு பாலம் வேண்டும். தமக்கென எழுதிக்கொள்ளும் பாட்டே அப்பாலம்.

நாம் பாடலாமா?

ஆழ்வாரும் அடிகளும் பாடியபின் நாமும் பாடுவது செருக்காகாதோ என்று சிலர் தயங்குவர். தயக்கம் நன்று. ஆயினும், இம்மரபில் பாடியவர் தம்மை எங்கே வைத்துக்கொண்டனர் என்பதை முன்னரே கண்டோம். கூட்டத்தின் முடிவிலே, கையில் கூடையோடு, கடைசி ஆளாக நின்றவரே பாடினார். அவர் பூண்ட பெயரே அடியார்தம் அடிப்பொடி என்பது. அவ்விடத்தில் நிற்க ஒப்புபவர்க்குச் செருக்கு எங்கிருந்து வரும்?

கோயிற் பாடலை மாற்றலாமா என்று வேறு சிலர் கேட்பர். வேண்டா. திருக்கோயிலில் ஓதப்பெறுவது ஓதப்பெறும் முறையிலேயே நிலைக்கட்டும். அது பலர்க்கும் பொதுவான சொத்து. வீட்டுப் பூசையில், முன்னோர் பாடலைப் பாடி முடித்தபின், நம்முடைய நான்கு வரிக்கு இடமுண்டு. அதற்குப் பெரும்புலமை தேவையில்லை. நம் முன்னோரின் திருப்பள்ளியெழுச்சிகளில் நாம் கண்ட பொருள்கள் நான்கு: விடியலின் காட்சி, பாடுபவர் நிற்கும் இடம், அவர் செய்யும் தொண்டு, அவர் வைக்கும் வேண்டுகோள். இந்நான்கும் நம்மிடமும் உள்ளன. தில்லியில் மார்கழி என்றால் மூடுபனி. காவிரிக் கரையின் காட்சியை நாம் கடன்வாங்க வேண்டியதில்லை. பால் வாங்க வரிசையில் நிற்பவர், அரசமரத்துக் குருவிகள், இரவுக் காவல் முடித்துத் திரும்பும் கூர்க்கா, முதல் பேருந்தின் ஓசை, வெளிச்சம் வருமுன் எழுந்து பிள்ளைகளுக்கு உணவு கட்டும் தாய் ஆகிய யாவும் நம் விடியலின் அடையாளங்கள். எருமை மேய்ப்பவரைத் தேவரோடு நிறுத்திய மரபு, இவர்களை வாயிலில் நிறுத்தாது என்று யார் சொல்வார்?

தாய்மார்களும் பெரியோர்களும் ஒன்று செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை வைகறையில் விளக்கேற்றியபின் குழந்தையை அருகிலிருத்தி, சாளரத்துக்கு வெளியே என்ன தெரிகிறது என்று தமிழில் கேட்கலாம். அது சொல்லும் சொற்களை ஒரு குறிப்பேட்டில் தமிழ் எழுத்தில் எழுதச் செய்யலாம். சந்தமும் எதுகையும் பின்னர்த் தாமே வரும், வராவிடினும் குறையில்லை. தாத்தாவின் உடல்நலத்துக்காக அது வேண்டிக்கொண்டால் அதுவே அப்பாட்டின் கருப்பொருள். அப்பாட்டு மலர்களில் அச்சேற வேண்டியதில்லை. மேடையேற வேண்டியதும் இல்லை. அடுத்த வாரம் அக்குழந்தை திருவெம்பாவையைக் கேட்கும்போது, தன்னைப் போன்ற ஒருவர் தம் விடியலைப் பாடியிருக்கிறார் என்பதை அது உணரும். அன்றே பழம்பாடலின் கதவு அதற்குத் திறந்துவிடும்.

சூதர் மன்னனை எழுப்பினர். ஆழ்வார் அரங்கனை எழுப்பினார். அடிகள் உள்ளொளியை எழுப்பினார். பாரதியார் தாயை எழுப்பினார். அவரவர் காலத்தில் எது உறங்கக் கூடாதோ அதனை அவரவர் எழுப்பினர். நம் காலத்தில் நம் இல்லங்களில் உறக்கம் கொள்ளத் தொடங்கியிருப்பது நம் மொழி. அதனை எழுப்பும் பாட்டை நமக்காக வேறொருவர் எழுதித் தரமாட்டார். குறிப்பேடும் எழுதுகோலும் பூசையறை விளக்கின் அருகே இருக்கட்டும்.